டாக்டர் ஜீப்பில் நான்கு பெண்கள்

மஞ்சப்பாறைத் தேயிலை எஸ்டேட்டில் வேலுத்தாயின் வாய்க்குப் பயந்து ஒதுங்கிப் போகிறவர்கள் பாதிப் பேர். அந்த வாயைக் கேட்பதற்கென்றே பக்கத்து நிரையில் இடம் பிடித்துக் கொழுந்து எடுக்கிறவர்கள் மீதிப் பேர். மூணாறிலிருந்து மறையூர் போகும் சாலையில், பஸ் மூச்சு வாங்கிக்கொண்டு நிற்கிற ஒரு வளைவில் இறங்கி ஒன்றரை மைல் ஏறினால் அந்த எஸ்டேட் வரும். அவளுடைய அப்பா சங்கரன்கோவில் பக்கத்துக் கரிசல் காட்டிலிருந்து வந்து மூன்றாம் நம்பர் லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பாயை விரித்தவர். வேலுத்தாய் அதே லயத்தில் பிறந்து, அதே லயத்தில் வாக்கப்பட்டு, எழுபத்து நாலாம் வருஷத்தில் முப்பத்திரண்டு வயதுக்காரியாக இருந்தாள். கைவேகத்தில் அவளை மிஞ்ச அந்த டிவிஷனில் ஆள் கிடையாது. நிறுவையில் அவள் சாக்குத் தொங்கினால் கணக்கப்பிள்ளை கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டுதான் முள்ளைப் பார்ப்பார்.

அவளுக்கு இருந்த ஒரே குறை அவள் புருஷன் சங்கையா. ஐயையோ, தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது, கை நீட்டுகிற பழக்கம் கிடையாது. கெட்ட பழக்கம் என்று ஒன்று உண்டென்றால் அது வாயைத் திறக்காத பழக்கம்தான். பதினோரு வருஷமாக எஸ்டேட் வொர்க்‌ஷாப்பில் வேலை. வொர்க்‌ஷாப்புக்குப் பொறுப்பான பழைய பிட்டர் ஸ்டூலில் உட்கார்ந்து பீடி பிடிப்பார். சங்கையா வண்டிக்கு அடியில் படுத்து வேலை பார்ப்பான். வண்டி ஓடினால் பிட்டருக்குப் பேர். ஓடாவிட்டால், "இந்த சங்கையா பய என்ன பண்ணித் தொலைச்சான்னு தெரியல தொரை." பதினோரு வருஷம் கழித்தும் பெரட்டுக்களத்தில் காலையில் பேர் கூப்பிடும்போது களைவெட்டுகிற ஆட்களோடுதான் அவன் பேரையும் கூப்பிட்டார்கள். "எனக்கு என்ன பேரா முக்கியம், வேல கெடக்கு" என்று அவன் போய்விடுவான். கேட்டுக்கொண்டு நிற்கிற வேலுத்தாய்க்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மாசி மாதம் பழைய பிட்டர் ரிட்டையர் ஆகி ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். இனி என்ன, சங்கையாதான் பிட்டர் என்று லயத்தில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். எஸ்டேட் மேனேஜரான பெரிய துரை அப்படி நினைக்கவில்லை. மதராஸ்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. எதையும் தன் கண்ணால் பார்த்தால்தான் நம்புவார், அவ்வளவுதான். லயத்து ஆள் பிட்டரானதாக அந்த எஸ்டேட்டில் அதுவரை சரித்திரமே இல்லை. பிட்டர் என்றால் வெளியிலிருந்து வர வேண்டும், கையில் ஒரு சர்டிபிகேட்டு இருக்க வேண்டும். கொச்சியிலிருந்து ஒருவர் திங்கட்கிழமை வருவதாகக் கடிதமும் வந்துவிட்டது.

சங்கையாவுக்காக வாயைத் திறந்தவர் எஸ்டேட் டாக்டர் அமிர்தநாதன். அவருடைய ஜீப்புக்குப் பதினெட்டு வயது. முன்பக்கம் அடியோடு செத்துப் போயிருந்தது. பள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருப்பவர் தலை கூரைக் கம்பியில் இடிக்கும், மேட்டில் ஏறினால் பல் கடிபடும். போன மாதம் மரம் விழுந்து கால் ஒடிந்த ஒருவனை அதில் மூணாறுக்குக் கொண்டு போனபோது, அவன் போட்ட சத்தம் ரெண்டு மலைக்குக் கேட்டது. "நான் ஆளைக் குணமாக்குறேன், இந்த வண்டி மறுபடி ஒடிச்சு வைக்குது" என்று சொல்லிவிட்டு டாக்டர் அன்றிலிருந்து டிவிஷன் டிவிஷனாக நடந்தே போய்க்கொண்டிருந்தார். அவர்தான் துரையிடம் போய், "சங்கையாவுக்கு ஒரு தடவை வேலையைக் குடுத்துப் பாருங்க சார்" என்றார்.

துரையும் ஒத்துக்கொண்டார். புதன்கிழமை சங்கையாவைக் கூப்பிட்டு நிறுத்திக் கறாராகச் சொன்னார். டாக்டர் ஜீப்புக்கு முன்பக்கத்து ஸ்பிரிங்கும் ஷாக்கும் புதிதாக வருகிறது. சனிக்கிழமை பகலுக்குள் தனியாக மாட்டி முடிக்க வேண்டும். வண்டி சரியாக ஓடினால் அவன்தான் பிட்டர். சரியில்லை என்றால் திங்கட்கிழமை கொச்சிக்காரர் வந்து வொர்க்‌ஷாப் சாவியை வாங்கிக்கொள்வார், சங்கையா மண்வெட்டியோடு தேயிலைக் காட்டுக்குப் போக வேண்டியதுதான். வொர்க்‌ஷாப்பில் ரெண்டு பேருக்கு இனி இடமில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?" என்று வேலுத்தாய் கேட்டாள்.

"சரின்னேன்."

"அம்புட்டுதானா?"

"வேற என்னத்தச் சொல்ல?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

வியாழக்கிழமை உடுமலைப்பேட்டை லாரியில் சாமான் வந்தது. சாக்குப் போட்டுச் சுற்றிய ரெண்டு ஸ்பிரிங் கட்டு, ரெண்டு ஷாக், ஒரு பொட்டலத்தில் ரப்பர் புஷ். இந்த ஜீப்புக்கு முன் அச்சின் மேல் பக்கத்துக்கு ஒன்றாக, இரும்புப் பட்டைகளை அடுக்கிக் கட்டிய வில் மாதிரி ஒரு சமாச்சாரம் உட்கார்ந்திருக்கும். அதுதான் ஸ்பிரிங். பாரத்தைத் தாங்குவது அது. தாங்கினது திரும்பத் திரும்பத் துள்ளாமல் பிடித்து நிறுத்துவது ஷாக். ஸ்பிரிங்கின் நுனியை வண்டிச் சட்டத்தோடு பூட்டுகிற இடத்தில், இரும்பும் இரும்பும் உரசாமல் இருக்க ரப்பர் புஷ். இதில் எது செத்தாலும் வண்டி மாட்டுவண்டி ஆகிவிடும்.

சாயங்காலம் சங்கையா வீட்டுக்கு வந்தபோது பழைய புஷ் ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு வந்தான். அடுப்படியில் உட்கார்ந்து அதையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். வேலுத்தாய் கருவாட்டுக் குழம்பை இறக்கி வைத்தாள், சோற்றைப் போட்டாள். மனுஷன் கை சோற்றுக்குப் போகவில்லை.

"என்ன, அதுக்குத் தொட்டுக்கிட குழம்பு ஊத்தவா?"

அவன் சிரிக்கவில்லை. "இங்க பாரு புள்ள. இது ஆறு மாசத்துக்கு முன்னாடி போட்ட புஷ்ஷு. பிஞ்சு போச்சு. அதுக்கு முன்னாடி போட்டதும் இப்படித்தான் பிஞ்சுது. சாமான் மட்டம்னு பிட்டர் சொல்லுவாரு. ஆனா எல்லாமே ஒரே பக்கமா முறுக்கிக்கிட்டுக் கிழியுது. அதான் ஏன்னு வெளங்கல."

வேலுத்தாய் அதை வாங்கிப் பார்த்தாள். துணி பிழிந்தாற்போல் ரப்பர் ஒரு பக்கமாகத் திருகிக் கிடந்தது.

"இத எப்ப வச்சு இறுக்குவீங்க?"

"வண்டிய ஜாக்கி போட்டுத் தூக்கி, சக்கரத்தக் கழத்தி, மாட்டி, நட்ட முடுக்கிட்டுக் கீழ எறக்குவோம்."

"அப்ப இறுக்கும்போது ஸ்பிரிங்கு மேல பாரம் இருக்காதா?"

"இருக்காது. தொங்கிக்கிட்டுல்ல இருக்கும்."

வேலுத்தாய் எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த கொழுந்துக் கூடையை எடுத்து வந்து அவன் முன்னால் வைத்தாள். "இந்தக் கூடைக் கயித்த நாங்க எப்பக் கட்டுவோம் தெரியுமா? வெறுங்கூடையில அளவு வச்சுக் கட்டுனா, கொழுந்து ரொம்புனதும் கூடை கீழ எறங்கும், கயிறு நெத்திய இழுத்துக்கிட்டுப் போகும், சாயங்காலத்துக்குள்ள கழுத்து ஒடிஞ்சிரும். புதுசா வந்த புள்ளைகதான் அப்படிக் கட்டும். ரெண்டு பிடி கொழுந்தாவது உள்ள போட்டு, முதுகுல ஏத்தி, அது எங்கிட்டு ஒக்காரும்னு பாத்துட்டுத்தான் முடிச்சுப் போடணும். நீங்க தொங்கவிட்டு முடிச்சுப் போட்டா அது திருகாம என்ன செய்யும்?"

சங்கையா கூடையைப் பார்த்தான், புஷ்ஷைப் பார்த்தான், பெண்டாட்டியைப் பார்த்தான். பிறகு சோற்றை இழுத்து வைத்துக்கொண்டு மூன்று தட்டுச் சோறு தின்றான். மறுநாளைக்கு என்று வைத்திருந்ததும் அதோடு காலி.

வெள்ளிக்கிழமை முழுக்க அவிழ்க்கிற வேலை. துருப்பிடித்த நட்டுகள் மண்ணெண்ணெயில் ஊறிக்கொண்டே இருந்தன. சுத்தியலால் தட்டுகிற சத்தம் மேலே பதினாலாம் நம்பர் காடு வரைக்கும் கேட்டது. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த வேலுத்தாய் அந்தச் சத்தம் நின்றால் கையை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்ப்பாள். திரும்பத் தட்டினால்தான் குனிவாள். பழைய ஸ்பிரிங்கைக் கழற்றிப் போட்டபோது வில் என்கிற வளைவே அதில் இல்லை, நடுவில் ஒரு பட்டை முறிந்தும் கிடந்தது. பழைய ஷாக்கை அமுக்கினால் அமுங்கின இடத்திலேயே கிடந்தது, திரும்பி வரும் எண்ணமே அதற்கு இல்லை.

சனிக்கிழமை காலையில் புதுசு ஏறியது. ஷாக்கை அப்படியே எடுத்து மாட்டிவிடக் கூடாது. லாரியில் படுத்துக்கொண்டே வந்ததில் உள்ளே காற்று அடைத்திருக்கும். சங்கையா அதை நிமிர்த்திப் பிடித்து ஏழெட்டுத் தடவை இழுத்து அமுக்கி, காற்றை விரட்டி, கைக்கு ஒரே சீராக இறுக்கம் வந்த பிறகுதான் மாட்டினான். ஸ்பிரிங்கை அச்சின் குழியில் சரியாக உட்கார வைத்தான். நட்டுகளை எல்லாம் கைவிரலால் திருகி மட்டும் விட்டான். சக்கரத்தை மாட்டி, ஜாக்கியை இறக்கி, வண்டியைத் தரையில் நிறுத்தினான். இனி உள்ளே பாரம் ஏற வேண்டும்; ஏறிய பிறகு முடுக்க வேண்டும்.

பாரத்துக்கு எங்கே போவது? ஸ்டோரில் உரமூட்டை அடுக்கடுக்காகக் கிடக்கிறது. ஸ்டோர் கீப்பர் பாலக்காட்டுக்காரர், சட்டமென்றால் சட்டம். "சிட்டு இல்லாதெ ஒரு சாக்கும் தரான் பற்றில்லா" என்று கையை விரித்துவிட்டார். சிட்டு எழுதுகிற கிளார்க் மூணாறுக்குப் போயிருந்தார். ஆம்பளைகள் எல்லாம் செடி கவாத்து வெட்ட மேல்மலைக்குப் போயாயிற்று. மணி பன்னிரண்டு. துரை ஒரு மணிக்கு வருவார்.

அந்த நேரத்தில்தான் பெண்கள் பகல் நிறுவைக்காக இறங்கி வந்தார்கள். நிறுவை நடப்பது வொர்க்‌ஷாப்புக்கு எதிரேதான். சங்கையா கைகால் ஓடாமல் நிற்பதை வேலுத்தாய் தூரத்திலேயே பார்த்துவிட்டாள். வந்து விஷயத்தைக் கேட்டாள். கேட்டதும் சிரித்தாள்.

"பாரத்தத்தானே தேடுதீங்க? நாங்க என்ன பஞ்சா?"

சங்கையாவுக்கு முகம் வெளுத்தது. "டாக்டர் ஜீப்புலயா? ஏட்டி, ஆகுற காரியமாப் பேசு."

அவன் பயந்ததிலும் நியாயம் இருக்கிறது. சீக்கு வந்து படுத்தால் தவிர, கொழுந்து எடுக்கிற ஒருத்தி எஸ்டேட் ஜீப்பில் உட்கார்ந்தது கிடையாது. மழை கொட்டினாலும், மறையூரிலிருந்து சாமான் சுமந்து வந்தாலும், ஜீப் காலியாகவே போனாலும், அவர்கள் ஓரமாக நிற்க வேண்டும். ஏறாதே என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. யாருக்கும் எழுதிக் காட்டத் தேவைப்படவில்லை.

"சீக்குக்காரி ஏறலாம், செத்தவ ஏறலாம், நல்லா இருக்குறவ ஏறக் கூடாதா? ஏ சின்னத்தாயி, இங்க வா!"

சின்னத்தாய் சங்கையாவின் தங்கை. மதினி சொன்னால் மறுபேச்சுப் பேசமாட்டாள். அவளை டிரைவர் சீட்டில் உட்கார வைத்தான் சங்கையா. பின்னால் பக்கத்து நிரையில் கொழுந்து எடுக்கிற முத்துப்பேச்சியும் அவள் கொழுந்தியாளும். டாக்டர் உட்காருகிற முன் சீட்டில் வேலுத்தாய் ஏறினாள். டாக்டர் கனத்த உடம்புக்காரர். சங்கையா அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "நீ எடை காணமாட்ட" என்று ஒரு கொழுந்துச் சாக்கைத் தூக்கி அவள் மடியில் வைத்தான்.

"கட்டுன பொண்டாட்டிய எட போட்டுப் பாக்குற மனுசன இன்னைக்குத்தான் பாக்கேன்" என்றாள் முத்துப்பேச்சி. பின் சீட்டு சிரிப்பில் குலுங்கியது.

"சிரிக்காதீங்க, ஆடுது!" என்று அடியிலிருந்து குரல் வந்தது. சங்கையா அதற்குள் வண்டிக்கு அடியில் போயிருந்தான். ஸ்பிரிங் அமுங்கி, உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்திருந்தது. அவன் ஒவ்வொரு நட்டாக முடுக்க ஆரம்பித்தான்.

இதைப் பெண்களை வேலை வாங்குகிற பெரியமுத்துக் கங்காணி பார்த்துவிட்டார். குடையும் கையுமாக ஓடி வந்து, "ஏய், என்ன அநியாயம் இது! டாக்டர் வண்டியில ஏறி ஒக்காந்திருக்காளுக! எறங்குங்கடி!" என்று கத்தினார். வேலுத்தாய் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "வேல நடக்குது கங்காணி, ஓரமா நில்லுங்க" என்றாள். அவருக்கு அது போதாதா? நேராக ஆபீஸைப் பார்த்து நடையைக் கட்டினார்.

பத்து நிமிஷத்தில் பெரிய துரை கங்காணியோடு வந்துவிட்டார். ஒரு மணிக்கு வர வேண்டியவர் பன்னிரண்டரைக்கே வந்துவிட்டார். முகம் சிவந்திருந்தது. நிறுவையில் நின்ற நாற்பது பெண்களும் சாக்கை இறக்கி வைத்துவிட்டுப் பார்த்தார்கள்.

"யார் சொல்லி ஏறினீங்க? இறங்குங்க கீழே!"

 சின்னத்தாய் ஒரு காலை வெளியே தூக்கி வைத்தாள். வண்டி லேசாக எழும்பியது. அடியில், "ஐயோ, ஆட்டாதீங்க!" என்று ஒரு சத்தம். வேலுத்தாய் சாக்குக்கு மேலாகக் கையை நீட்டி நாத்தனாரின் தோளைப் பிடித்து உள்ளே இழுத்தாள்.

"எறங்காதட்டி!"

பிறகு துரையைப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து அவள் எந்தத் துரையையும் நேருக்கு நேர் பார்த்துப் பேசியதில்லை.  நாக்கு மட்டும் பழகின நாக்கு.

"தொரை மன்னிக்கணும். எங்க வீட்டுக்காரரு அடியில நட்டு முடுக்குறாரு. நாங்க ஒக்காந்திருக்குற பாரத்துலதான் முடுக்கணும். பாதியில எறங்குனா செஞ்ச வேல அம்புட்டும் வீணு. இன்னும் ரெண்டு நட்டு இருக்கு. அது முடியிற மட்டும் எங்களால எறங்க முடியாதுய்யா."

கங்காணி வாயைப் பொத்திக்கொண்டார். முடியாது என்கிற சொல்லை அந்த முற்றத்தில் யாரும் அதுவரை சொன்னதில்லை.

அடியில் ஸ்பானர் சத்தம் நின்று போயிருந்தது. வேலுத்தாய்க்குத் தன் புருஷனைத் தெரியாதா? துரையின் பூட்ஸைப் பார்த்திருப்பான்.  இப்போது வெளியே வந்து கும்பிட்டு நின்றுவிடுவான். பதினோரு வருஷமும் அப்படித்தானே நின்றான். அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தது. காலால் ஜீப்பின் தகரத்தில் ஒரு மிதி மிதித்தாள்.

"நீங்க முடுக்குங்க! நா ஒக்காந்துதான் இருக்கேன்!"

 பிறகு அடியிலிருந்து கிறீச்சென்று ஸ்பானர் திரும்புகிற சத்தம் கேட்டது. துரை கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.  ஒரு நட்டு முடிந்தது. சங்கையா அடியிலேயே நகர்ந்து மறுபக்கம் போனான். அடுத்த நட்டை முடுக்கினான். ஒரு தடவை முடுக்கிவிட்டு, நிதானமாக எல்லா நட்டையும் இன்னொரு தடவை தொட்டுப் பார்த்தான். பெரிய துரை வெயிலில் நின்று காத்திருந்தார்.

சங்கையா வெளியே வந்தபோது முகமெல்லாம் கிரீஸ். துரை, "எதுக்கு இந்தக் கூத்து?" என்று கேட்டார். வேலுத்தாய் பதில் சொல்ல வாயைத் திறந்தாள். அதற்குள் சங்கையா பேசிவிட்டான்.

"தொரை, இதப் பாருங்க" என்று சட்டைப் பையிலிருந்து பழைய புஷ்ஷை எடுத்து நீட்டினான். "தொங்கவிட்டு முடுக்குனா ரப்பரு அந்த நெலையிலேயே கெட்டியாப் பிடிச்சுக்கிடும். வண்டி கீழ எறங்குனதும் அது திருகிக்கிடுது. ராவும் பகலும் திருகிக்கிட்டே இருந்தா ஆறு மாசத்துல பிய்யாம என்ன செய்யும்? ஸ்பிரிங்கும் அமுங்க முடியாம வெறைச்சுப் போகுது. அதான் டாக்டரய்யாவுக்கு அப்படித் தூக்கிப் போட்டுது. இப்ப நாலு பேரு பாரத்துல ரப்பரு ஓய்வா நிக்குது. ஆறு வருசம் ஒழைக்கும். இது நானாக் கண்டுபிடிச்சதில்ல தொரை. கொழுந்துக் கூடைக்குக் கயிறு கட்டுறத வச்சு இந்தா ஒக்காந்திருக்காளே, இவதான் சொன்னா. வேல என்னுது. யோசன இவளோடது."

வேலுத்தாய் மலைத்துப் போனாள். அடேயப்பா, இந்த மனுஷனுக்கு இவ்வளவு பேசத் தெரியுமா! வீட்டில் ஒரு வாரத்துக்குப் பேசுகிற பேச்சை ஒரே மூச்சில் பேசிவிட்டான். அதுவும் துரையிடம், அதுவும் தலையைக் குனியாமல். அவளுக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. மடியில் சாக்கு இருந்ததால் முந்தானையை இழுத்துத் துடைக்கவும் வழியில்லை.

துரை புஷ்ஷைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு டிரைவர் பக்கம் வந்து, "நகரு" என்றார். சின்னத்தாய் விழுந்தடித்துப் பின் சீட்டுக்குத் தாவினாள். வேலுத்தாய் இறங்கப் போனாள்.

"எறங்க வேண்டாம் புள்ள" என்றான் சங்கையா. "தொரை, இவுக பாரத்துக்கு வச்சதுதான். ஆளோட ஓட்டிப் பாத்தாத்தான் நெசம் தெரியும்."

துரை அவனை ஒரு பார்வை பார்த்தார். சாவியைத் திருகினார்.

ஜீப் கிளம்பியது. பெரிய துரை ஓட்ட, டாக்டர் சீட்டில் மடியில் கொழுந்துச் சாக்கோடு வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள். பின்னால் மூன்று பேர் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். நிறுவையில் நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். பெரியமுத்துக் கங்காணி ஜீப்பைப் பார்த்ததும் பழக்க தோஷத்தில் குடையை மடக்கி விறைப்பாக நின்றார். பின் சீட்டில் மூவரும் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

ஆசுபத்திரிக்குப் போகிற வழியில் ஒரு ஓடைப்பாலம் உண்டு. பாலம் முடிகிற இடத்தில் முழங்கால் ஆழத்துக்கு ஒரு பள்ளம். கால் ஒடிந்தவன் போட்ட சத்தம் அங்கேதான் கேட்டது. துரைக்கும் அது தெரியும். வேகத்தைக் குறைக்காமல் நேராக அதில் விட்டார். வேலுத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, கம்பியைப் பிடித்தாள். அவ்வளவுதான், போச்சு, மண்வெட்டிதான் என்று நினைத்தாள்.

வண்டி இறங்கியது, ஏறியது. ஒரு தரம் அமுங்கி எழும்பி அடங்கிவிட்டது. மறுதுள்ளல் இல்லை. அவள் கண்ணைத் திறந்தபோது பாலம் பின்னால் போயிருந்தது. மடியில் இருந்த சாக்குக்கூட நகரவில்லை.

துரை வண்டியை நிறுத்தினார். பின்னால் எடுத்தார். மறுபடி அதே பள்ளத்தில், முன்னைவிட வேகமாக விட்டார். மறுபடியும் அப்படியேதான். ஆசுபத்திரி வாசலில் டாக்டர் அமிர்தநாதன் வெளியே வந்து, தன் சீட்டில் உட்கார்ந்திருப்பது யார் என்று கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். வேலுத்தாய் சாக்கை அணைத்தபடியே அவருக்குக் கும்பிடு போட்டாள்.

"எப்படிம்மா இருக்கு வண்டி?" என்று டாக்டர் கத்திக் கேட்டார்.

"தொட்டில் கட்டி ஆட்டுன மாதிரி இருக்குங்கய்யா! நாளையிலருந்து நடக்காதீங்க!"

துரை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். வண்டியைத் திருப்பினார். திரும்பி வருகிற வழியெல்லாம் வேலுத்தாய் சாலையைப் பார்க்கவில்லை. வளைவுக்கு வளைவு வண்டி சாயாமல் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். என் புருஷன் செய்தது, என் புருஷன் செய்தது என்று மனசுக்குள் நூறு தடவை சொல்லிக்கொண்டாள். உரக்கச் சொன்னால் என்ன என்றுகூடத் தோன்றியது. துரை பக்கத்தில் இருக்கிறாரே என்று விட்டுவிட்டாள்.

வொர்க்‌ஷாப்பு முற்றத்தில் கூட்டம் கலையாமல் நின்றது. மேல்மலையிலிருந்து சாப்பாட்டுக்கு இறங்கிய ஆண்களும் சேர்ந்துகொண்டிருந்தார்கள். சங்கையா தனியாக, அழுக்குத் துணியால் கையைத் துடைத்துக்கொண்டே நின்றான். துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தான். துரை வண்டியை அவனுக்கு ரெண்டு அடி தூரத்தில் கொண்டு வந்து நிறுத்தினார்.

"கங்காணி, ஆபீஸுக்குப் போய்ச் சொல்லு. கொச்சிக்குத் தந்தி கொடுக்கணும். திங்கட்கிழமை யாரும் வர வேண்டாம். நமக்குப் பிட்டர் இருக்கார்."

சாவியை எடுத்துச் சங்கையாவின் கையில் கொடுத்தார். அவன் அதை வாங்கிக்கொண்டு நின்றான்; பழையபடி வாய் அடைத்துப் போயிருந்தது. துரை பெண்கள் பக்கம் திரும்பி, "சரி, இறங்குங்க" என்றார்.

பின் சீட்டிலிருந்து மூன்று பேரும் குதித்து இறங்கினார்கள். வேலுத்தாய் இறங்கவில்லை. மடியில் சாக்கை வைத்துக்கொண்டு, அத்தனை பேர் பார்க்க, பெரிய துரை பார்க்க, டாக்டர் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்தபடியே தன் புருஷனைப் பார்த்துக் கேட்டாள்:

"பிட்டரே, எறங்கலாமா?"

சங்கையா குனிந்து முன் சக்கரத்தைப் பார்த்தான். ஸ்பிரிங்கைக் கையால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தான். பிறகு நிமிர்ந்து, நிறுவை வரைக்கும் கேட்கிற குரலில் சொன்னான்.

"எறங்கலாம்."

அவள் அதற்குப் பிறகுதான் இறங்கினாள்.